தையல் மிஷினைக் கேட்டு வந்தவர்கள்

மைசூரு மண்டி மொஹல்லாவில் ஒற்றை அறை வாடகை வீட்டில் தையல் வேலை செய்கிறேன். கட்டட வேலைக்குப் போன கணவர் கால் முறிந்து படுத்ததால், ஃபைனான்ஸ் கடனுக்குத் தவணை கட்ட முடியவில்லை. வசூலுக்கு வந்த இருவர் வாசலில் நின்று சத்தம் போட்டார்கள். தெருவே பார்க்கிறதே என்ற அவமானத்தில், கிரைண்டரையும் குக்கரையும் நானே எடுத்துக் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டேன். அதுதான் நான் செய்த தப்பு. "அடுத்த வாரம் மிஷினுக்கு வருவோம்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

பயந்துபோய் கோர்ட்டில் இருக்கும் இலவசச் சட்ட உதவி மையத்துக்குப் போனேன். அங்கிருந்த வக்கீலம்மா, "கோர்ட் உத்தரவு இல்லாம யாரும் உங்க சாமானைத் தொடக்கூடாதும்மா. கோர்ட்டே ஜப்தி செஞ்சாலும் சமையல் பாத்திரம், படுக்கை, துணிமணி, தாலி, தொழில் கருவி இதையெல்லாம் எடுக்க முடியாது" என்றார்.

சொன்னபடி அவர்கள் வந்தபோது வாசலை மறித்து நின்றேன்.

"கோர்ட் ஆர்டர் எங்கே சார்?"

"ஏனம்மா, எங்ககிட்டயே சட்டம் பேசறியா?"

"பேசுவேன். கடன் வாங்கினேன், கட்டுவேன். மிஷின் என் பொழப்பு. உள்ளே கால் வெச்சா போலீஸ் ஸ்டேஷன்லதான் மிச்சப் பேச்சு."

ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு வண்டியைக் கிளப்பிவிட்டார்கள். ஃபைனான்ஸ் கம்பெனிக்கு வக்கீலம்மாவின் கடிதம் போனதும் கிரைண்டரும் குக்கரும் திரும்பி வந்தன. குக்கரின் கேஸ்கட்டைத்தான் காணோம்.

கடனை இப்போது கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டுகிறேன், ரசீது வாங்கிக்கொண்டுதான். யாராவது வந்து மிரட்டினால் முன்போலக் கதவைச் சாத்திக்கொள்வதில்லை. அகலத் திறந்துவைத்து, தெருவுக்கே கேட்கும்படி உத்தரவுக் காகிதத்தைக் கேட்கிறேன்.