என் மளிகைக் கடையை மாரியம்மன் மீட்டுத் தந்தாள்

எண்பத்தைந்தாம் வருஷம், மாசித் திருவிழா முடிந்த கையோடு எனக்குச் சோதனை வந்தது. திண்டுக்கல்லில் எங்கள் தெருமுனையில், மதுரையிலும் திருச்சியிலும் கிளை வைத்திருந்த பெரிய மளிகைக் கடை ஒன்றைத் திறந்தார்கள். கண்ணாடிக் கதவு. பாக்கெட்டில் அடைத்த பருப்பு. விலையும் குறைவு. என் வீட்டுக்காரர் போன பிறகு ஒற்றையாக நடத்திய கடையில் நான் ஈ ஓட்டினேன். என்னிடமே வாங்கிப் பழகிய பெண்கள் அந்தக் கடைப் பையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு போனார்கள். நான் பார்க்கவில்லை என்று நினைப்பு.

அப்புறம் அந்தக் கடை மேனேஜர் வந்தார். குனிந்து கும்பிட்டார். என் கடையைக் குடோனுக்குக் கேட்டார். என் மகன் முருகேசனுக்கு வேலையும் தருவாராம். காரணமில்லாமல் ஒருவர் அவ்வளவு குனிய மாட்டார் என்று எனக்குப் பட்டது. மகன் சிரித்த சிரிப்பும் பிடிக்கவில்லை. கடை போனால் மருமகள் போடும் சோற்றுக்குக் காத்திருக்க வேண்டும். அதை நினைத்து அழுதேன். "தாயே, என்னை யாரும் ஏமாற்ற விடாதே" என்று ஒன்றைத்தான் கேட்டேன்.

பூக்கட்டிப் பார்த்துவிடலாம் என்றான் மகன். வெள்ளைப் பூ வந்தால் கடையைக் கொடுப்பது, சிவப்பு வந்தால் கொடுப்பதில்லை. வெள்ளிக்கிழமை கோயிலில் அவனே இலையில் இரண்டு பொட்டலம் கட்டி அம்மன் முன்னால் போட்டான். நான் ஒன்றை எடுத்துப் பிரித்தேன். வெள்ளை.

அம்மன் சொன்னால் கேட்க வேண்டியதுதான். ஆனாலும் என் கை மற்றப் பொட்டலத்துக்குப் போனது. எடுக்காத பூவைப் பிரிக்கும் வழக்கம் இல்லை. மகன் கையைப் பிடித்தான்.

"யம்மா, சாமி குத்தம் ஆயிரும். வையி."

"விடுறா. குத்தம்னா என்னையச் சேரட்டும்."

பிரித்தேன். அதிலும் வெள்ளை.

பூசாரி வேறு பக்கம் பார்த்தார். மகன் என் கையிலிருந்த இலையைப் பிடுங்கிக் கசக்கினான். பிறகு, "ஒனக்கு அம்மன் மேலயே நம்பிக்கை இல்லையா?" என்றான்.

"அம்மன நம்புறேன் அப்பு. கட்டுனது நீ."

மேனேஜரிடம் முடியாது என்று சொல்லிவிட்டேன். பூட்டுப் பட்டறைக்கும் தோல் பதனிடும் ஷாப்புக்கும் போகிறவர்களுக்காக, பெரிய கடை திறக்கும் முன்னே விடியலில் திறந்தேன். ஒரு வேளைக் குழம்புக்கு வேண்டிய புளியும் எண்ணெயும் கேட்ட அளவில் கொடுத்தேன். பாக்கெட்டைப் பிரித்து விற்க அவர்களுக்கு வழியில்லை. சனம் திரும்பி வந்தது. அந்தக் கடையும் இருக்கிறது, என் கடையும் இருக்கிறது. என் சோற்றை நான் சம்பாதித்து உண்கிறேன். மகனும் இப்போது என்னோடுதான் நிற்கிறான். கல்லாவில் மட்டும் நான்.

அன்று என் கையை நகர்த்தியவள் அவள்தான். கலங்கி நிற்கிற பெண்களே, அவள் முகத்தைப் பார்த்துக் கேளுங்கள், கைவிட மாட்டாள். பக்கத்தில் நிற்கிறவர் முகத்தையும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.