மாப்பிள்ளை கட்டிக்கொண்ட பட்டை

என் தங்கைக்கு ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் இரவு ஷிப்டு. விடிய விடிய ஈரப் போர்வைகளோடு மல்லுக்கட்டுவாள். ஓர் இடத்தில் நிற்க மாட்டாள் என்பதால் வீட்டில் அவளுக்குப் பம்பரம் என்று பெயர். தேர்வு ஓட்டத்தில் தேறி ஆஸ்பத்திரியின் ஓட்டக் குழுவில் சேர்ந்தால் பகல் ஷிப்டு கிடைக்கும். அவளுக்கு வேண்டியது அதுதான். கப்பை யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளட்டும் என்பாள்.

குழுவுக்குப் பயிற்சி கொடுக்கும் அம்மா அவளிடம் ஒரு பட்டை கொடுத்திருந்தார். மதியம் தூங்கி எழுந்ததும் படுத்தபடியே மார்பில் கட்டிக்கொள்ள வேண்டும். ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் உள்ள இடைவெளியை அளந்து அது அந்த அம்மாவின் போனுக்கு அனுப்பிவிடும். இடைவெளி கூடிக் குறைந்து வந்தால் உடம்பு தேறியிருக்கிறது. எல்லாம் ஒரே அளவாக வந்தால், ஓட்டத்தில் கிளம்பிய ஹார்மோன் இன்னும் அடங்கவில்லை, ஓடக் கூடாது. எனக்கு லாரி டயர் தெரியும், ஹார்மோனைக் கண்டேனா? கடிகாரம் மாதிரி அடித்தால்தான் நல்ல இதயம் என்று நினைத்திருந்தேன்.

பம்பரத்துக்கு அடிக்கடி “இன்னைக்கு ஓட வேண்டாம்” என்றே செய்தி வந்தது. தேர்வு ஓட்டத்துக்கு இரண்டு மாதம்தான் இருந்தது. ஒரு நாள் பட்டையை எடுத்துப் புருஷன் மார்பில் கட்டிவிட்டாள். மாப்பிள்ளை தையல்காரர், முன்னறையில்தான் கடை. மதியம் சாப்பிட்டுப் படுத்தால் பக்கத்தில் இடி விழுந்தாலும் புரண்டுதான் படுப்பார்.

“தூங்கறதுக்குப் போட்டி வச்சா, கப்பு வைக்க வீட்ல இடம் பத்தாது மச்சான்” என்று என்னிடம் பெருமை வேறு.

அவர் துடிப்பைப் பார்த்த அந்த அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். மேட்டில் ஓடு, இன்னும் இரண்டு சுற்று ஓடு என்று ஏற்றிக்கொண்டே போனார். பம்பரம் வாயைத் திறக்க முடியுமா? ஓடினாள். முகம் சுண்டிப்போயிற்று. மாதவிலக்கும் நின்றுவிட்டதாக என் மனைவியிடம் சொல்லியிருக்கிறாள். தெரிந்ததும் கத்தினேன்.

“ஞாயித்துக்கிழமை தேர்வு முடியற வரைக்கும் பொறுண்ணே. அப்புறம் தூங்கிக்கறேன்.”

வெள்ளிக்கிழமை மாப்பிள்ளைக்குப் பல்வலி. கன்னம் பன் மாதிரி வீங்கிவிட்டது, பொட்டுத் தூக்கம் இல்லை. ஆனாலும் மனுஷன் கடமை தவறாமல் பட்டையைக் கட்டிக்கொண்டார். சற்று நேரத்தில் அந்த அம்மாவின் போன்.

“உன் துடிப்பு ரொம்ப மோசமா இருக்கு. ஞாயித்துக்கிழமை நீ ஓட வேண்டாம்.”

இனி உண்மையைச் சொன்னால்தான் ஓடலாம். இருவரையும் வண்டியில் ஏற்றி மைதானத்துக்குக் கூட்டிப்போனேன். பம்பரம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். அந்த அம்மா திட்டவில்லை. அறைக்குள் அழைத்துப்போய்ப் படுக்கவைத்து, பட்டையை அவளுக்கே கட்டினார். வெளியே வந்தவர் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பல்வலியோட நிக்கற உன் வீட்டுக்காரரே உன்னைவிடத் தேவலைம்மா.”

மாப்பிள்ளை சிரிக்கப்போய், வலியில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். பம்பரம் சிரிக்கவில்லை.

“அப்போ பகல் ஷிப்டு மேடம்?”

“அடுத்த வருஷமும் தேர்வு இருக்கு. முதல்ல டாக்டரைப் பாரு. வயிறாரச் சாப்பிடு. தூங்கு.”

ஞாயிற்றுக்கிழமை மற்றவர்கள் ஓடினார்கள். இவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

இன்னும் இரவு ஷிப்டுதான். ஆனால் பட்டை இப்போது அவள் மார்பில்தான். மாதக் கணக்கும் சரியாகிவிட்டதாம். போன வாரம் மதியம் போனேன். கடைத் திண்டில் ஒருவர் தைக்கக் கொடுத்த பேன்ட்டுக்காகக் காத்திருந்தார். உள்ளே எட்டிப் பார்த்தேன். இரண்டு பேரும் அடித்துப்போட்டது போலத் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

“எங்கே சார் டெய்லர்?” என்றார் அவர்.

“மெதுவாப் பேசுங்க. உள்ளே பயிற்சி நடக்குது” என்றேன்.