ஸ்பெக்ட்ராஸ்கோப்பில் தெரியாத கந்தகம்

1. சாம்பிள்

யுத்த காலம். திருவனந்தபுரத்தில் ஒரு பரிசோதனைச் சாலையில் நான் அசிஸ்டென்ட் கெமிஸ்ட். பாய்லர் ஹவுஸுக்கு இறங்கிய நிலக்கரியில் கந்தகம் எவ்வளவு என்று பார்க்க சாம்பிள் வந்தது. கரித்தூளை மக்னீஷியாவும் சோடாவும் கலந்து க்ரூசிபிள் கிண்ணத்தில் சுட்டேன். கரைத்து, அமிலம் சேர்த்து, பேரியம் க்ளோரைடு விட்டதும் வெள்ளையாகத் திரண்டது. வடிகட்டி, சுட்டு, நிறுத்தேன். கந்தகம் நாலு சதவீதத்துக்கு மேல், ரொம்ப அதிகம். மறுபடி செய்தேன், மாறவில்லை. என் நோட்டில் எழுதி வைத்தேன்.

சூப்பரிண்டெண்டெண்ட் அந்தக் கரியை, தனிமங்களை நிறக் கோடுகளாகக் காட்டும் ஸ்பெக்ட்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார்.

"பாரும்மா, கந்தகத்தோட கோடு ஒண்ணும் காணலையே."

"கந்தகத்துக்க கோடு கண்ணுக்குத் தெரியுற வெளிச்சத்துல வராது சார். இந்தக் கருவிக்கு அது அகப்படாது."

"நீ எனக்குப் படிப்பிக்க வேண்டா, மனசிலாச்சா? இந்தக் காலத்துல வேற கரி எங்கே கிட்டும்?"

"வேண்டாம்னு சொல்லல்ல சார். கந்தகம் கூடின கரி நனைஞ்சா தானே சூடாகிப் பத்திக்கும். உயரமாக் குவிக்காம, நனையாம வச்சு, முதல்ல எரிச்சுடச் சொல்லுங்கோ. அது போதும்."

'ஸ்பெக்ட்ராஸ்கோப் சோதனையில் கந்தகம் காணப்படவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

2. செல்லையா

ஜூன் பிறந்து இடவப்பாதி மழை பிடித்தது. ஆள் உயரத்துக்கு மேல் குவித்திருந்த கரி உள்ளுக்குள்ளேயே சூடாகிப் புகைந்தது. மண்வெட்டியோடு அதைக் கலைக்கப் போன பாய்லர் ஹவுஸ் கூலியாள் செல்லையா கந்தகப் புகையில் விழுந்தார். ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். இரண்டு கண்ணிலும் கட்டு. வார்த்தைக்கு வார்த்தை இருமல்.

"நல்ல கரின்னுல்லாம்மா சொன்னாவ," என்றார்.



3. நோட்டு

அந்த விபத்து பற்றிய விசாரணைக்கு முந்தின நாள் சூப்பரிண்டெண்டெண்ட் என்னைக் கூப்பிட்டார். "உன் நோட்டுல கந்தகக் கணக்கு எழுதின பக்கத்தைக் கிழிச்சிடு. உனக்கு நல்லது."

"கிழிக்க மாட்டேன். செல்லையாவைப் போய்ப் பார்த்தீங்களா சார்?" என்று கத்தினேன். அந்தக் கட்டடத்தில் ஒரு பெண் கத்தியது அதுவே முதல் தடவையாக இருக்கும்.

மறுநாள் நோட்டை விசாரணை அதிகாரியின் மேஜையில் வைத்தேன். கரியைப் பிரித்துப் பரப்ப உத்தரவாயிற்று. சூப்பரிண்டெண்டெண்டுக்கு ஒரு கண்டனக் கடிதம். எனக்குத் தண்ணீர்ப் பரிசோதனைப் பகுதிக்கு மாற்றல். செல்லையாவுக்கு ஒரு கண்ணில் பார்வை திரும்பவே இல்லை.

ஆய்வகத்துக்கு வரும் பிள்ளைகளே, கருவியால் பார்க்க முடியாததை 'காணப்படவில்லை' என்று எழுதாதீர்கள். 'இதனால் பார்க்க முடியாது' என்று எழுதுங்கள். அந்த ரிப்போர்ட்டை நம்பித்தான் ஒருவர் மண்வெட்டி எடுத்துப் போகிறார்.