பாக்கெட் இல்லாத சட்டை

தொண்ணூற்றொன்றில் பென்னலூரில் முதல் ஷிப்ட் முடிந்ததும், கம்பெனிச் சட்டையைக்கூட மாற்றாமல், வாடகைக்கு எடுத்த வீடியோ டெக்கில் படம் பார்ப்போம். அன்று வந்த கேசட்டில் ஒரே ஒருவன் மேடையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு மந்திரி, சாமியார், முதலாளி என்று எல்லோரையும் வாரினான்.

கடைசி வரிசையில் ஒரு புது ஆள். நரைத்த கிருதா, வெளுத்த நீலச் சட்டை. படத்தை விட்டுவிட்டு எங்களையே பார்த்தார். கம்பெனி அனுப்பிய வேவுக்காரர் என்றே எல்லோருக்கும் பட்டது. முதலாளி ஜோக்கு வந்தபோதெல்லாம், அவர் குறித்துக்கொள்ளாதபடி, பாக்கெட்டில் தைத்திருந்த டோக்கன் நம்பரைக் கையால் மூடிக்கொண்டு சிரித்தோம்.

இரண்டாம் பாகத்துக்குக் கேசட் மாற்றும்போது கேட்டே விட்டேன். "இன்னா சார், எங்களையே பாத்துக்கினு கீறீங்க?"

"சிரிக்கிற ஆளுங்களப் பாத்து ரொம்ப நாளாச்சுப்பா. அது சரி, நெஞ்சுல கைய வெச்சுக்கினு ஏன் சிரிக்கிறீங்க?"

அவர் சட்டையைப் பார்த்தேன். எங்கள் கம்பெனிச் சட்டைதான். பாக்கெட் இருந்த இடம் மட்டும் வெளுக்காமல் சதுரமாக இருந்தது. சுற்றிலும் பிரித்த தையலின் ஓட்டைகள். வேலை போனவரா, நம்பரை மறைத்துக்கொண்டு வந்த வேவுக்காரரா? இன்றுவரை எனக்குத் தெரியாது.

படம் மறுபடி ஓடியது. நானும் சிரித்தேன். கையை மட்டும் எடுக்கவில்லை.