குறிஞ்சாக்கேணியின் நீல ரேஸ் வண்டி

காலை ஆறு மணி. திருகோணமலை பஸ் நிலையத்தில் நான்கு ரூபாய்க்கு ஒரு பிளேன்டீ குடித்துவிட்டுக் கிண்ணியா பஸ்ஸில் ஏறினேன். இருபது கிலோமீற்றர், சோதனைச்சாவடிகளின் தயவில் இரண்டரை மணித்தியாலம். ஒவ்வொரு சாவடியிலும் இறங்கிப் பயண நோக்கத்தைச் சொல்ல வேண்டும். சண்டைக்கு நடுவே கொழும்பிலிருந்து ஒரு தமிழன் பழைய ரேஸ் வண்டி தேடி வந்திருக்கிறான் என்றால் யார் நம்புவார்கள்? "கல்யாண வீடு" என்றேன். என் பெருத்த தொந்தி அதற்குச் சாட்சி சொன்னது.

நான் சேர்ப்பவை கோ-கார்ட் எனப்படும் குட்டி ரேஸ் வண்டிகள். கதவில்லை, கூரையில்லை, ஸ்பிரிங்கும் இல்லை. இரும்புக் குழாய்ச் சட்டம், நாலு சின்னச் சில்லு, புல்வெட்டும் மெசினிலோ மரம் அரியும் மெசினிலோ கழற்றிய எஞ்சின், அவ்வளவுதான். அறுபதுகளில் துறைமுகப் பக்கத்து எஞ்சினியர்மார் இவற்றில் பந்தயம் ஓடினார்களாம். அவற்றில் ஒன்று, பதினோராம் இலக்கம், பழைய வர்ணம் கெடாமல் குறிஞ்சாக்கேணியில் இருப்பதாகக் கேள்வி; வாங்க வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தேன். எங்கள் பைத்தியத்தில் அந்த வர்ணம்தான் எல்லாம். எஞ்சினை மறுபடி செய்யலாம். முப்பது வருட வெடிப்பையும் மங்கலையும் யாராலும் செய்ய முடியாது.

எட்டரைக்குப் 'பாதை'யில் நீரைக் கடந்தோம். பஸ்ஸையும் மாட்டையும் ஒன்றாக ஏற்றும் தட்டைப் படகுக்கு இங்கே அதுதான் பெயர்.

படகு எஞ்சின் திருத்தும் றசீது, ஊருக்கெல்லாம் அண்ணன் என்ற முறையில் 'நானா', வாசலிலேயே நின்றார். "வாங்க சேர். நேத்து முழுக்க உங்கட வேலைதான்" என்று வண்டியை மூடியிருந்த சாக்கை இழுத்தார். வண்டி பளபளத்தது. தோணிக்கு அடிக்கிற அதே நீலம்.

"நானா, பதினோராம் நம்பர்?"

"அந்த அழுக்கா? சுரண்டிப்போட்டுத்தான் அடிச்சனான். தோணி கைமாறினாலே புதுப் பெயின்ட் அடிச்சுத்தான் குடுப்பம். கொழும்புக்குப் போற சாமானைப் பழசாக் குடுக்கிறதா?" என் முகத்தைப் பார்த்தவர், "வடிவில்லையா சேர்?" என்றார்.

"நல்ல வடிவு" என்றேன். வேறென்ன சொல்ல?

தேநீரோடு அவர் கதையும் வந்தது. "எஞ்சினியர் ஊர் போகக்குள்ள எங்கட வாப்பாக்குத் தந்தது. பன்னிரண்டு வருஷமா, ஆமி தேடுதலுக்கு வரக்குள்ள எல்லாம் கழட்டிக் கழட்டி ஒவ்வொரு வீட்டில ஒளிச்சன். குழாயும் எஞ்சினும் ஒண்டா இருந்தா என்ன செய்யிறாய் எண்டு கேப்பாங்க. இனி ஏலாது. இண்டைக்கு அக்கரைக்குப் போகாட்டி வெட்டிப் பழைய இரும்புக்குப் போட்டிருவன்."

பதினொரு மணி, இறங்குதுறைச் சாவடி. கருவாட்டு லொறியில் வண்டியைக் கண்ட சார்ஜன்ட் அரைத் தமிழில் கேட்டார்: "இது என்ன?"

"தோணிட சாமான்" என்றார் நானா.

"தோணிக்குச் சில்லா?"

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "ரேஸ் வண்டி" என்றேன்.

"அப்ப ஓட்டு."

இறக்கினார்கள். இருக்கைத் தகட்டுக்குள் என்னைத் திணிக்க இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். நானா கயிற்றை மூன்றாம் தரம் இழுத்ததும் எஞ்சின் அலறியது. பாதைக்குக் காத்திருந்த சனம் விலகியது.

"சேர், பிரேக்! பிரேக்!"

"எங்க கிடக்கு?"

"இடது காலில!"

அதற்குள் மணற்குவியல் என்னை நிறுத்திவிட்டது. சனம் விசிலடித்தது. சார்ஜன்ட் சிரிக்கவில்லை. துவக்கைப் பக்கத்திலிருந்தவனிடம் கொடுத்தார், தொப்பியைக் கழற்றினார், ஏறினார். இரண்டு சுற்று. என்னைவிட நன்றாக ஓட்டினார். எழும்பியபோது ஏதோ பிசுக்கென்று ஒட்டியது. ஒரு துண்டுக் கடதாசியில் 'விளையாட்டுச் சாமான்' என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார் நானா. பிறகு என் பின்பக்கத்தைப் பார்த்தார். "கடல் காத்து சேர். பெயின்ட் காயேல்ல."

கொழும்பில் என் கராஜில் உள்ள மற்ற வண்டிகள் எந்தப் பந்தயத்தில் யார் ஜெயித்தார்கள் என்பதைச் சொல்கின்றன. நீலத்தை மட்டும் ஏன் சுரண்டவில்லை என்று நண்பர்கள் கேட்கிறார்கள். இருக்கைத் தகட்டைக் காட்டுகிறேன். அக்கரைக்கு வந்த கதை அதில் காய்ந்து கிடக்கிறது: ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு தடங்கள். பெரியது என்னுடையது.