கறுப்புக் கோடுகளைப் பார்த்த மத்தியானம்

எண்பதுகளில் வேலூரில் ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தேன். அணு உலைக் குழாய்களுக்கான சிர்க்கோனியக் கலவை உலோகத்தைச் சோதிப்பது என் பொறுப்பு. ஆம்பூரில் மாமியார் படுத்த படுக்கையானதும் வேலையை விட ஒப்புக்கொண்டேன். கடைசி நாளன்று, தோல் தொழிற்சாலையில் சூப்பர்வைசரான என் கணவர் அழைத்துப்போக வந்தார்.

வெளியே கண் கூசும் வெயில். திரை இழுத்த அறை மட்டும் குளத்தின் அடிபோல மங்கலாகக் கிடந்தது.

"கெளம்பலாமா?"

"இத கொஞ்சம் பாருங்களேன்" என்று குழாய்த் துண்டு வைத்திருந்த நுண்ணோக்கியைக் காட்டினேன்.

குனிந்தார். வெள்ளி நிறப் பரப்பில் மழைபோலக் கறுப்புக் கோடுகள்.

"இன்னா இது?"

"ஹைட்ரஜனால வந்ததுங்க. சூட்டுல உலோகத்துக்குள்ள கரைஞ்சிருக்கும், ஆறுனா இப்படிப் படியும். குழாயச் சுத்திப் படிஞ்சா அவ்வளவு பயமில்ல. இதுங்க குழாய்ச் சுவருக்குக் குறுக்கால நிக்குது. ஒண்ணுலேர்ந்து வெடிப்பு கெளம்பிடுச்சு."

"உலைக்குள்ள போற குழாயா?"

"அதே வகைதான். இன்னும் நெறைய துண்டு பாத்தாத்தான் உறுதியாச் சொல்லலாம்."

அவர் வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை. அந்த மழைக்குள் நாங்கள் இருவரும் சத்தமில்லாமல் நடந்துபோவது போலிருந்தது எனக்கு. பிறகு நிமிர்ந்தார்.

"நீ பாத்து முடி. நான் நைட் ஷிப்டுக்கு மாத்திக்கினு அம்மாவப் பாத்துக்கறேன்."

அன்று அவர் தனியாகத்தான் பஸ் ஏறினார். பல மாதங்கள் பகலில் தாய்க்குக் கஞ்சி ஊட்டிவிட்டு இரவில் வேலைக்குப் போனார். எங்கள் சோதனை முடிந்தபின் அந்தக் குழாய்களை வேண்டாமென்று ஒதுக்கினார்கள்.

கல்யாணமான நாளிலிருந்து அவருக்கு என் வேலை பிடிக்காதென்றே நினைத்திருந்தேன். உண்மையில், அதுவரை அதை அவருக்கு யாரும் காட்டியதேயில்லை.