எங்கே போகிறாய் என்று கேட்கிற போன்

பிள்ளையள், அப்பா வேலைக்குப் பிந்திப் போறார் என்று அம்மா சொல்லியிருப்பா. சோம்பலில்லை. எல்லாம் இந்தப் போனால் வந்தது.

கனடாவில் வீடு வீடாகப் பார்சல் கொண்டுபோய்க் கொடுப்பதுதான் என்ரை வேலை. காலையில் வீட்டு வாசலில் நிற்கிற வானுக்குள் ஏறி, கம்பெனி தந்த போனில் வழிகாட்டியைத் திறந்ததும் ஒரு பெண்குரல் இங்கிலீசில் கேட்கும்: "எங்கே போகிறீர்கள்?"

எங்கடை ஊர் மயிலிட்டியில் மீன்பிடிக்கக் கடலுக்குப் போன எனக்கு அது அபசகுனம். தொழிலுக்கு வெளிக்கிடுகிறவனிடம் அப்படிக் கேட்டால் வலையில் மீன் படாது. ஒருமுறை உங்கடை சின்ன மாமா கேட்டுவிட்டார். "மச்சான், உன்ரை கரிநாக்கை வைச்சுக்கொண்டு சும்மா இருக்கேலாதோ?" என்று நான் ஏசிப்போட்டு, படகில் போற ஐந்து பேரும் வலையோடு எங்கடை வீட்டுக்குத் திரும்பிவந்து, கொஞ்சம் இருந்து, ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி வெளிக்கிட்டோம். ஊரில் சொந்தக்காரரே கேட்கப் பயப்படுவதை இங்கே ஒரு போன் கூச்சமில்லாமல் கேட்கிறது!

இங்கேயும் அதையே செய்தேன். அது கேட்டதும் இறங்கி, மூன்று மாடி ஏறி, என்ரை அறையில் கொஞ்சம் இருந்து, தண்ணீர் குடித்து வருவேன்.

ஆனால் நான் போகிற இடமெல்லாம் முதலாளி பிரையனின் கொம்பியூட்டரில் நீலப் புள்ளியாக ஓடுமாம். புள்ளி நாள்தோறும் வீட்டுக்குத் திரும்புவதைக் கண்டு கூப்பிட்டார். உங்களை இங்கே எடுக்க அவருடைய வேலைக் கடிதம் வேணும்.

"ஏன் திரும்பிப் போகிறாய்?"

"போன் கேக்குது. நான் தண்ணி குடிக்கிறன்." அவ்வளவுதான் என் இங்கிலீசு.

தண்ணீர் குடிக்கச் சொல்லிப் போன் நினைவூட்டுகிறது என்று நினைத்துவிட்டார் மனுசன். முதுகில் தட்டினார். அன்றே வாட்ஸப் குழுவில் என் படத்தைப் போட்டு, எல்லாரும் இவரைப் போலத் தண்ணீர் குடித்துவிட்டு வெளிக்கிடுங்கள் என்று எழுதினார். இப்போது காலையில் பதினெட்டுச் சாரதிகள் போத்தலோடு செல்ஃபி போடுகிறார்கள். கூட வேலை செய்கிற போலந்துக்காரன் கேட்டான்: "இதால் என்ன நன்மை?"

"மீன் படும்."

அவன் தன் பார்சல் பெட்டிகளைத் திரும்பிப் பார்த்தான்.

பிரையனின் வேலைக் கடிதம் நேற்றுக் கிடைத்தது. இன்று காலை வானுக்குள் தனியே இருந்து போனைத் திறந்தேன். "எங்கே போகிறீர்கள்?" நான் இறங்கவில்லை. மயிலிட்டி என்று அடித்தேன். வட்டம் சுற்றிச் சுற்றி நின்றது. பாதை இல்லையாம். அதை அழித்து, முதல் பார்சலின் விலாசத்தை அடித்தேன். பிறகு, எதுக்கும் இருக்கட்டும் என்று, போத்தலைத் திறந்து ஒரு மிடறு குடித்தேன்.